ஆறு பாகை குறைவு

“களவு! அப்பட்டமான களவு!”

விஞ்ஞான ஆசிரியர் தம்பிஐயா, அதிபர் சிவனேஸ்வரியின் மேசையில் ஒரு தாளை அறைந்தார்.

எதிரே பத்தாம் தரத்து மாணவி சுதர்ஷினி தலைகுனிந்து நின்றாள். அவளருகே, தேயிலைத் தோட்டத்தில் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த தந்தை பழனியாண்டி. கதவோரத்தில், துப்புக் கொடுத்த பெருமிதத்தோடு வகுப்புத் தலைவி தனுஜா.

“என்ன களவு, சேர்?” என்றார் அதிபர்.

“தண்ணி எத்தினை பாகையிலை கொதிக்குது எண்டு வீட்டிலை மூண்டு தரம் அளந்து, சராசரி கணிச்சுக் கொண்டு வரச் சொன்னனான். இவ என்ன செய்தவ தெரியுமோ? இன்ரநெற்றிலை, வீட்டுவேலைக்கு உதவி செய்யிற குழுவொண்டிலை போய்க் கேட்டிருக்கிறா! தனுஜாதான் கண்டுபிடிச்சு, கடையிலை அச்செடுத்துக் கொண்டு வந்தவ.”

பழனியாண்டி பதறிப்போனார்.

“புள்ள திருடலீங்க சேர். ஒம்பது தடவ தண்ணி காய வச்சிச்சு. காய வச்ச தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரி ஒம்பது தடவையும் பிளேன்டீ ஊத்திட்டா. எங்களால முடியாம பக்கத்துக் காம்பரா வீட்டுக்கும் குடுத்தோம். அந்த நாலு நாளும் லயத்து வீடுகள்ல ஒருத்தருக்கும் தூக்கம் இல்லீங்க.”

அதிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “மூன்று தடவைதானே அளக்கச் சொன்னார்?”

“நூறு வரலீங்க மேடம்,” என்று சுதர்ஷினி முணுமுணுத்தாள். “தொண்ணூத்தி நாலுலயே கொதிச்சிருது. அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது.”

“எங்க வீட்டுத் தண்ணி ஒழுங்காத்தான் கொதிக்குது,” என்றாள் தனுஜா, கூரையைப் பார்த்துக்கொண்டு. “மூணு தடவையும் நூறு.”

“பாருங்கோ!” ஆசிரியர் மேசையில் இருந்த மாணவர்களின் கொப்பிக் கட்டைத் தட்டிக் காட்டினார். “தண்ணி நூறிலை கொதிக்கும் எண்டு பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற முப்பத்தொரு பிள்ளையளும் நூறு எண்டுதான் எழுதியிருக்கினம். எல்லாத்துக்கும் சரி போட்டிட்டன். சனிக்கிழமை வலய விஞ்ஞானப் போட்டிக்குக் குடுத்த இவவின்ரை பேரையும் வெட்டிப்போட்டன். தனுஜா போகட்டும்.”

சுதர்ஷினியின் கண்கள் நிறைந்தன. அந்த ஒரே இடத்துக்காக அவள் ஆறு மாதமாகப் படித்திருந்தாள்.

அதிபர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு தாளைக் கையில் எடுத்தார்.

“இதை முழுவதும் வாசித்தீர்களா, சேர்?”

“முதல் வரியே போதும். ‘வீட்டுவேலைக்கு உதவி தேவை’ எண்டு கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறா.”

அதிபர் உரக்க வாசித்தார். “‘வீட்டுவேலைக்கு உதவி தேவை. விடை வேண்டாம். ஒன்பது தடவை அளந்தேன். 94 தான் வருகிறது. நான் எந்த இடத்தில் பிழை விட்டேன்?’”

அதிபர் கீழே வந்திருந்த பதில்களுக்குப் போனார்.

“‘அடுப்பை மாற்றவும்.’ ‘வெப்பமானியைக் கழுவிப் பார்க்கவும்.’ ‘உங்கள் ஊர்த் தண்ணீருக்குச் சோம்பல்.’ ‘தங்கச்சி, பேசாமல் நூறு என்று எழுதிவிட்டுத் தூங்குங்கள்.’”

அழுதுகொண்டிருந்த சுதர்ஷினிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கடைசியாக ஒருவர், எந்த ஊர் என்று கேட்கிறார். நம் கந்தப்பளை என்கிறாள் இவள். ‘அப்படியானால் உங்களிடம் பிழை இல்லை. அவ்வளவு உயரமான மலையில் வளிமண்டல அமுக்கம் குறைவு. அங்கே தண்ணீர் 94 பாகை அளவில்தான் கொதிக்கும்.’”

தம்பிஐயா இருமினார்.

“அமுக்கம் குறைஞ்சால் கொதிநிலையும் குறையும்தான். நானே படிப்பிச்சிருக்கிறன்.”

“எங்கே படிப்பித்தீர்கள்?”

“கரும்பலகையிலை.”

ஆசிரியர் விடுவதாக இல்லை.

“எண்டாலும் மேடம், ஒரு பிள்ளை சொல்லுறதை நம்புறதோ, முப்பத்தொரு பிள்ளையள் சொல்லுறதை நம்புறதோ? முப்பத்தொரு வீட்டிலையும் தண்ணி பொய் சொல்லுமோ?”

பேச்சு முடிந்துவிட்டதென்று எண்ணிய பழனியாண்டி, தம் பையிலிருந்து பழைய சேலைத் துணியில் சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்தார். உள்ளே வெப்பமானி இருந்தது.

“அப்ப இதையும் வாங்கிக்கங்க சேர். பள்ளிக்கூடத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, முறை வச்சு எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லி மொத நாளு எம் புள்ளகிட்ட குடுத்தீங்களாம். அடுத்த புள்ள யாராச்சும் வந்து கேக்கும்னு எட்டு நாளா பொத்திப் பொத்தி வச்சிருந்தோம். ஒருத்தரும் வரலீங்க.”

தனுஜா தன் சப்பாத்துகளை ஆராயத் தொடங்கினாள்.

அதிபர் கட்டின் மேலே கிடந்த கொப்பியைத் திறந்தார். தனுஜாவுடையது. நூறு, நூறு, நூறு, சராசரி நூறு. பெரிய சிவப்புச் சரி. அடுத்தது நிரஞ்சனுடையது. நூறு, நூறு, நூறு, சராசரி முந்நூறு. அதற்கும் பெரிய சிவப்புச் சரி.

தம்பிஐயா போட்டிப் பட்டியலை இழுத்தெடுத்து, தாம் வெட்டிய பெயரைத் தம் கையாலேயே மீண்டும் எழுதினார்.

பழனியாண்டிக்கு எதுவும் விளங்கவில்லை. பெற்ற மனத்தின் கவலையோடு, வெப்பமானியைக் காட்டி, ஆசிரியரிடம் குனிந்து கேட்டார்:

“முப்பத்தோரு புள்ளைங்க இது இல்லாமலேயே சரியா அளந்திருக்குதுங்களே சேர்... எம் புள்ளைக்கு மட்டும் ஏங்க இது தேவப்பட்டுச்சு?”