யார் ஆடோ ஒன்று

நுரை தள்ளிவிட்டது.

முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. ஆட்டின் நாலு காலும் வெடவெடவென்று நடுங்கின.

மாட்டு டாக்டர் போனில் சொல்லிவிட்டார். வந்துகொண்டே இருக்கிறேன், அதற்குள் என்ன தின்றதென்று விசாரித்து வையுங்கள். மருந்தடித்த காடு என்றால் அந்தப் பாட்டில் எனக்கு வேண்டும்.

எங்கே தின்றது என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

வேலிக்கு அந்தப் பக்கம். பொங்கியண்ணனின் கத்தரிக்காடு.

போன அமாவாசைக்குத்தான் கருப்பராயன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள். என் ஆடு அந்த வேலியைத் தாண்டினதே இல்லை.

ஊரே நின்று பார்த்தது.

இப்போது வாயைத் திறந்தால் சாமி குத்தம், ஊர்ச் சிரிப்பு. திறக்காவிட்டால் ஆடு போய்விடும்.

ஆட்டுக்குக் கண் செருகியது.

வேலியோரம் போய் நின்றாள். பொங்கியண்ணன் காட்டில்தான் இருந்தார்.

"ஏனுங்ணா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யார் ஆடோ ஒண்ணு, எங்கிருந்தோ வந்து, உங்க கத்தரியக் கடிச்சுருச்சுன்னு வைங்க. அதுக்கு என்ன ஆகும்?"

பொங்கியண்ணன் வாயைத் திறந்தார். மூடினார்.

அவர் தலைக்கு மேலே பலகை தொங்கியது. நஞ்சில்லாக் கத்தரிக்காய். டவுனிலிருந்து காரில் வந்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

"ஒண்ணும் ஆகாது அம்மிணி. நம்ம காட்டுல சாணியும் கோமியமும்தான்."

அவள் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.

அவருக்கு ஆடு தெரிந்தது.

சினை ஆடு. வயிறு மண்ணில் கிடந்தது.

துண்டை உருவிக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போனார். வரும்போது துண்டுக்குள் என்னவோ இருந்தது.

"எவனோ வேலியோரம் வீசிட்டுப் போயிருக்கான். பாரு, மூடிய நல்லாத் திருகித்தான் வீசியிருக்கான்."

"புண்ணியவானுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் வந்து பாட்டிலைப் படித்தார். ஊசி போட்டார். பொறுத்துப் பார்த்து இன்னொன்று போட்டார்.

நடுக்கம் அடங்கியது. ஆடு தலையைத் தூக்கி, மூன்று பேரையும் பார்த்து, ஒரு சத்தம் கொடுத்தது.

"எந்தக் காட்டுல மேஞ்சுது? மத்த ஆடு அங்க போகக் கூடாது, அதான் கேக்கறேன்."

இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன. ரோட்டுக்கு அந்தப் பக்கம். புறம்போக்கு.

அங்கே புல் முளைத்து யாரும் பார்த்ததில்லை. முழுக்கப் பாறை.

டாக்டர் பாறையைப் பார்த்தார்.

ஆட்டின் கடைவாயில் ஒட்டியிருந்த கத்தரி இலையை எடுத்துச் சுண்டிப் போட்டார்.

கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

இருவரும் ஓடினார்கள்.