ஒரே கணுவில் ஐந்து குண்டு

வெர்னன் கடைக்குள் நுழையும்போதே, அவன் சட்டையின் பின்பக்கம் ஒரு சாண் துணி இல்லாததைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஹோபர்ட் கவனித்துவிட்டார். பென்சில்வேனியா மலைப்பக்கம் மானைத் தவறவிட்டவனுக்கு அதுதான் மரியாதை. சட்டை வாலைக் கத்தரித்து, பெயரெழுதி, வேட்டைக் குடிலின் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள்.

"போன வருஷச் சட்டையா?"

"அதுக்கு முந்தின வருஷத்துதுண்ணே. போன வருஷத்துது துவைக்கப் போட்டிருக்கு."

ரைபிளை மேசைமேல் வைத்தான். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டிய சாதாரண ரைபிள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது, ஒரு திருகாணிகூட மாறவில்லை.

"குழலை மாத்தணும்ணே. வேணும்னா விசை, கட்டை எல்லாத்தையும் மாத்திடுங்க."

ஹோபர்ட் முகத்தில் வியாபாரக் களை வந்தது. எங்கள் ஊரில் மானைத் தவறவிட்டவன் முதலில் குழலை மாற்றுவான், அடுத்த வருஷம் விசையை, அதற்கடுத்த வருஷம் தோளில் அணைக்கும் கட்டையை. தன் கையில் கோளாறு இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் எவனுக்கும் வந்ததில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் ஹோபர்ட் வீட்டுக்கு மாடி எடுத்தார்.

"அப்படி என்னதான் பண்ணுது?"

"அஞ்சு வருஷமா ஒரே மான்தாண்ணே. இடது காது கிழிஞ்சிருக்கும். என் பரணுக்கு எதிர்ல அந்த ஓக் மரத்தடியில வந்து நின்னு, அண்ணாந்து என்னையே பாக்கும். நான் சுடுவேன். குண்டு ஒரு முழம் மேல, மரத்துல போய் ஏறிடும்."

"அஞ்சு குண்டும் மரத்துல ஒரே கணுவுல இருக்காமே! நீ மான் சுடப் போறியா, விறகு வெட்டப் போறியான்னு ஊரே கேக்குது."

வெர்னன் சிரிக்கவில்லை.

"கிண்டல் பரவால்லண்ணே. வர்ற சனிக்கிழமை என் மச்சான் க்ளீட்டே இதைச் சுட்டுப் பாக்கப் போறானாம். கோளாறு துப்பாக்கில இருந்தா மன்னிப்பு. என்கிட்ட இருந்தா, குடில்ல என் கட்டிலைக் காலி பண்ணிடணுமாம்."

மன்னிக்கிற அதிகாரம் க்ளீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. குடில் அவன் அப்பா கட்டியது.

"வருஷத்துல வேட்டைக்குப் போற அந்த ரெண்டு வாரம்தாண்ணே நான் மனுஷனா இருக்கேன்" என்றான் வெர்னன். "அந்தச் சீட்டாட்டம், விறகடுப்பு, பனியில தனியா உக்காந்திருக்கிறது... அதுவும் போச்சுன்னா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

ஹோபர்ட்டுக்கே மனசு இளகிவிட்டது. எங்கள் ஊர் சரித்திரத்தில் இது எழுதி வைக்க வேண்டிய சம்பவம்.

"இரு, வீணா செலவு பண்ணாதே. முதல்ல நான் சுட்டுப் பாக்குறேன்."

கடைக்குப் பின்னால் போய், மணல் மூட்டைமேல் ரைபிளைச் சாய்த்து மூன்று குண்டு சுட்டார். குறி ஒட்டிய காகிதத்தை எடுத்து வந்து, அதன்மேல் சட்டைப்பையிலிருந்த கால் டாலர் காசை வைத்தார். மூன்று ஓட்டையும் அதற்கடியில் மறைந்துவிட்டன.

"வெர்னன்! இதுல ஒரு ஆணியக்கூட மாத்தாதே. நான் விக்கிற ஆயிரம் டாலர் குழலுங்க இது கிட்டகூட வராது. க்ளீட் இல்ல, க்ளீட்டோட பாட்டன் வந்து சுட்டாலும் இப்படித்தான் விழும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கோளாறு யாரிடம் என்பதை இவ்வளவு உற்சாகமாக அறிவித்திருக்க வேண்டாம்.

வெர்னன் காகிதத்தைப் பார்த்தான். அவனுக்கு ஆச்சரியமே இல்லை; ஒரே கணுவில் ஐந்து குண்டையும் ஏற்றியவன் அவன்தானே. வாசலில் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இதைவிட மோசமா சுடுற குழல் ஏதாவது இருக்காண்ணே?"