இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் ஒன்று

உத்திரமேரூர்ப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீள்கிறது. பழைய பெட்டியும் நேற்று வந்த புதுப்பெட்டியும் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகின்றன. கணக்கு டீச்சர் கனகா நகம் கடிக்கிறாள். நாளை பிள்ளைகள் முன்னால் இதை ஓட்ட வேண்டும். பழையதில் 255 வரைதான் இடம், மேலே ஒன்று வைத்தால் பூஜ்யமாகிவிடும். அதனால் 255-இல் நிற்கும்படி எழுதியிருக்கிறாள். நிற்கிறது. ஆனால் இடம் நிறைய உள்ள புதுப்பெட்டியும் அங்கேயே நிற்கிறது. அறுப்பு நாளில் களத்தில் மரக்காலால் நெல் அளக்கும் சிட்டம்மாள், அறையைப் பெருக்குவதை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறாள். "இன்னா டீச்சர், சின்ன மரக்கா ரொம்புச்சின்னு பெரிய மரக்காலயும் நிறுத்திட்டீங்க? மரக்கா வாயப் பாக்கணும். வழிஞ்சா நிறுத்தணும்." கனகாவின் விரல் 255-ஐ அழிக்கிறது. ஒன்று கூட்டினால் எண் குறையும் என்றால் கூட்டாமல் நில் என்று எழுதுகிறாள். பழையது 255-இல் நிற்க, புதியது தாண்டி ஓடி 32767-இல் நிற்கிறது. "வழிய உட்டா இன்னா ஆவும்?" சிட்டம்மாள் கேட்கிறாள். புதியதில் அதைக் கனகாவும் பார்த்ததில்லை. நில் என்ற காவல் வரியை எடுத்துவிட்டு ஒன்றைக் கூட்டுகிறாள். திரையில் ‑32768. பூஜ்யத்துக்கும் கீழே, அத்தனை ஆழத்தில். "ஒண்ணு வெச்சதுக்கு நெல்லு அம்பாரமே பள்ளமாப் பூட்ச்சே!" என்கிறாள் சிட்டம்மாள். "இன்னொண்ணு வைங்க டீச்சர், பாக்கலாம்."