எதுக்கும் இருக்கட்டும்

சபாபதியின் காருக்கு மேடு என்றாலே மூச்சு வாங்கும். ஒருநாள் அதை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டார். "டர்போ மாட்டுங்க, இல்லாட்டி இன்ஜினையே மாத்துங்க. எனக்கு வேகம் வேணும்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"அப்போ என்னைக் கழட்டிப் போட்டுடுவாங்களா?" என்று பதறியது காரின் பழைய இன்ஜின்.

"கவலைப்படாதீங்கண்ணே, நான் ஊதுற ஊதுல நீங்க பறப்பீங்க" என்றது மேஜைமேல் இருந்த டர்போ.

"நீ ஊதினா அது வெடிச்சுத்தான் போகும். மரியாதையா எனக்கு இடத்தை விடச் சொல்லு" என்றது பெட்டிக்குள்ளிருந்த புது இன்ஜின்.

சீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஹேண்ட் பிரேக் தயங்கித் தயங்கிப் பேசியது.

"தப்பா நினைக்காதீங்க. சார் என்னை முழுசா இறக்கினதே இல்லை. வண்டி பிச்சுக்கிட்டுப் போயிடுமோன்னு பயம். 'எதுக்கும் இருக்கட்டும்'னு கொஞ்சம் தூக்கி வச்சேதான் ஓட்டுவாரு."

"அடப்பாவி! இத்தனை வருஷமா உன்னையும் சேர்த்தா இழுத்தேன்?" என்றது பழைய இன்ஜின்.

அதற்குள் மெக்கானிக் ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை அடியோடு இறக்கிவிட்டு, எதிரே இருந்த மேம்பாலத்தில் வண்டியை விட்டார். பழைய இன்ஜின் பாடிக்கொண்டே ஏறியது.

"எதையும் மாத்த வேண்டாம் சார். பிரேக்கை முழுசா இறக்கிட்டு ஓட்டுங்க" என்று, டீ குடித்துவிட்டு வந்த சபாபதியிடம் சாவியை நீட்டினார்.

சபாபதி ஒரு சுற்றுப் போய்வந்தார். "அடேயப்பா, என்ன வேகம்!" என்று பூரித்துப் போனார். பூரித்த கையோடு பிரேக்கைக் கொஞ்சம் மேலே தூக்கினார்.

"எதுக்கும் இருக்கட்டும்."

"போயிட்டு வாங்கண்ணே" என்றது டர்போ. "நான் இங்கேயேதான் இருப்பேன்."