வலது கை

பத்து வயதில் நான் செய்ததை நாவலில் உள்ளபடியே எழுதியிருந்தேன். தம்பி கோபத்தில் அக்காவின் கையில் கொதிக்கும் கஞ்சியைக் கொட்டிவிடுகிறான். "படிக்கிறவங்களுக்கு அவன்மேல பரிவே வராது சார்" என்றார் பதிப்பாளர். மூன்றாம் திருத்தத்தில் பழியை நாவலில் வரும் அக்காவின் கணவன்மேல் போட்டேன். மெய்ப்புப் பார்த்தது என் அக்கா தவமணி. அச்சகத்தில் இருபது வருடமாக அதுதான் அவள் வேலை.

"அம்பத்தி நாலாம் பக்கத்துல ஒரு தப்பு இருந்துச்சுடா. திருத்திட்டேன்" என்று தாள்களை நீட்டினாள்.

அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். கணவன் அப்படியே இருந்தான். 'இடது கை' என்பதை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'வலது கை' என்று எழுதியிருந்தாள். அந்தக் கையின் விரல்கள் மடங்காமல் போன பிறகு இடது கையால் எழுதிப் பழகிய அதே கோணல் எழுத்தில்.