கடைசி எபிசோடுக்கு நிஜ நண்பர்கள்

"முடியாதுன்னா முடியாதுப்பா. என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் ஷூட்டிங்குக்கு வர மாட்டாங்க."

நிக்கோல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அலெக்சாண்டருக்குச் சுருக்கென்றது.

விவேக் நகர் லோக்கல் கேபிளில் சனிக்கிழமைதோறும் வரும் 'மானம் கப்பலேறுது' தொடரை எழுதி இயக்குபவர் அவர்தான். பள்ளிப் பிள்ளைகள் அசடு வழியும் கதை. டியூஷன் பையனுக்கு எழுதிய லெட்டர் அவன் அம்மா கையில் போய்ச் சேரும். ஆண்டு விழா மேடையில் பாட்டு மறந்துபோகும். பார்க்கிறவர்கள் நெளிந்துகொண்டே சிரிப்பார்கள்.

சரக்கு முழுக்க நிக்கோல் கொடுத்ததுதான். "இன்னிக்கு வீணா என்ன பண்ணா தெரியுமாப்பா?" என்று சாப்பிடும்போது ஆரம்பிப்பாள். கை காய்வதற்குள் அவருக்கு ஒரு எபிசோடு தேறிவிடும். பீன்யாவில் அவர் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடியதிலிருந்து வீட்டில் அடுப்பெரிவதே இந்தத் தொடரால்தான்.

மூன்றாவது சீசனோடு அதற்கும் முழுக்கு. கேபிளைப் பெரிய கம்பெனிக்கு விற்றாயிற்று. அடுத்து என்ன என்று தெரியவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆசை. கடைசிக் காட்சியில் மகளின் நிஜ நண்பர்கள் வந்து கையசைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பதில்.

"அப்பா கேபிள்ல கோமாளிக் கூத்து எழுதறவன்னு உனக்கு வெட்கம். அதானே?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"சரி, நானே வந்து கூப்பிட்டுக்கறேன்."

"ஐயோ, ஸ்கூலுக்கு மட்டும் வராதீங்கப்பா, ப்ளீஸ்!"

வேறு சாட்சி வேண்டுமா? ஏரியாவையே சிரிக்க வைத்தவன் பெற்ற மகளுக்கு வேண்டாதவனாகிவிட்டான். அலெக்சாண்டருக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஆனாலும் வீம்பு விடவில்லை. மறுநாள் சாயங்காலம் பள்ளி வாசலில் வீணாவைப் பிடித்துவிட்டார். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து போன பெண்தான்.

"கடைசி எபிசோடுக்கு நீங்கல்லாம் வரணும்மா. நிக்கோல் கூப்பிட மாட்டேங்கறா. ராங்கி!"

வீணாவின் முகம் மாறிவிட்டது.

"வேணாம் அங்கிள். டியூஷன் லெட்டர் விஷயத்தை நான் அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். நீங்க டிவில போட்டீங்க. எங்கப்பா பெல்ட்டால அடிச்சார். அதுலேர்ந்து கிளாஸ்ல யாரும் அவகூட பேசறதில்ல. பேசினா டிவில வந்துடும்னு பயம்."

அலெக்சாண்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அது முதல் சீசன்மா! போன வாரம்கூட நீயும் அவளும் ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டுட்டு ஓடினீங்களாமே?"

"நானா? அவகிட்ட நான் பேசியே ரெண்டு வருஷமாச்சு அங்கிள்."

"அப்போ தினமும் அவ சொன்னதெல்லாம்?"

வீணா தலையைக் குனிந்துகொண்டாள்.

"லஞ்ச் டைம்ல தனியா உட்கார்ந்து, எங்க எல்லார் மாதிரியும் அவளே பேசி, அவளே சிரிச்சுப் பார்ப்பா அங்கிள். என்னடி இதுன்னு ஒரு நாள் டீச்சர் கேட்டாங்க. 'வீட்டுக்குக் கதை கொண்டு போகலேன்னா எங்கப்பாவுக்கு வேலை போயிடும் மிஸ்'னு சொன்னா."