ஒன்பது கிராம்

"மீதி ஒன்பது கிராம் எங்க போச்சு?"

சுலோசனா மிஸ் தராசைத் தட்டிப் பார்த்தார். அது என்ன செய்யும் பாவம், இருபத்தாறு கிராமிலேயே நின்றது.

அந்தப் பள்ளியில் சேருவதற்கே நுழைவுத் தேர்வு உண்டு. சேர்ந்தால் அறிவியல் மன்றத்துக்கு ஒரு தேர்வு. மன்றத்திலிருந்து சென்னைக் கண்காட்சிக்குப் போக இன்னொரு தேர்வு. அதிலும் ஒரே ஒருவருக்குத்தான் இடம். இந்த வருடம் ஆளுக்கு ஒரு லிட்டர் கடல்நீரைக் கொடுத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கச் சொல்லியிருந்தார் மிஸ்.

யுவராணியின் அப்பா, அம்மா இருவருக்கும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. உப்பு என்றதுமே சென்னை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடித்துவிட்டதாகத் துள்ளியவள், இப்போது எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றாள்.

"கடைசித் தண்ணிய இறுத்துக் கொட்டிட்டேன் மிஸ். உப்பளத்துல அப்படித்தான் செய்வாங்க. அதையும் சேத்துக் காயவிட்டா உப்பு கசக்கும்."

"இது உப்பளமா, லேபா? நான் கேட்டது எடை. சதீஷைப் பாரு. புத்தகத்துல இருக்கிற மாதிரி கரெக்டா முப்பத்தஞ்சு!"

யாரோ சிரித்தார்கள். மிஸ் யுவராணியின் பெயரை அடித்துவிட்டு, சதீஷின் பெயருக்கு டிக் போட்டார். அவன் வானூர்ப் பையன். எந்தப் பரீட்சையிலும் முதல் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வெளியே வந்ததும் அவளிடம் கேட்டான். "நெஜமாவே கசக்குமா?"

"அதான் ஜெயிச்சுட்ட இல்ல? கிண்டல் வேறயா? போ!"

மதியம் லேப் பக்கம் போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய உப்பு டப்பாவைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தான் சதீஷ்.

பெயர்தான் போயிற்று, உப்பும் போக வேண்டுமா? அழுகையும் ஆத்திரமுமாக ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினாள்.

"மிஸ், சதீஷ் என் உப்பைத் திருடிட்டான்!"

"அவன் எதுக்கும்மா உன் உப்பை..."

மிஸ் முடிக்கவில்லை, அவனே வந்து நின்றான். இரண்டு கையிலும் மோர் டம்ளர்.

"வெயிலா இருக்குதே மிஸ். மெஸ்ல வாங்கிட்டு வந்தேன்."

திருடியதும் இல்லாமல் காக்கா வேறு பிடிக்கிறான் என்று யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிஸ் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "என்னப்பா இது, நாக்கெல்லாம் கசக்குது?"

"அப்ப இதைக் குடிச்சுப் பாருங்க மிஸ்."

இரண்டாவது டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். "ம்... இது மோரு!" என்று வாயைத் துடைத்துக்கொண்டவருக்கு அப்போதுதான் புகார் ஞாபகம் வந்தது. குரலில் கண்டிப்பு ஏறியது.

"உண்மையைச் சொல்லு சதீஷ். இவ உப்பை எடுத்தியா?"

"எடுத்தேன் மிஸ். நீங்க குடிச்சு முடிச்சீங்களே, அதுல போட்டது இவளோட உப்பு. கசந்ததுல போட்டது என்னோடது. இப்ப சொல்லுங்க மிஸ், சென்னைக்கு யாரு போகணும்?"